சோத்துக்கைப் பக்கம்

படகு அவர்கள் இருவரையும் இறக்கிவிட்டு, கடன்காரனைக் கண்ட மாதிரி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. இறங்குதுறை என்று அங்கே இருந்தது நாலு மரத்தூணும் ஒரு தகரக் கூரையும்தான். கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சு. எதிரே கடல். முதுகுக்குப் பின்னால் ஆடு மட்டுமே ஏறக்கூடிய பாறைச் சரிவு. கரையோரமாக இந்தப் பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதை, அந்தப் பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதை. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒரே ஜாடையில் இருந்தன.

"எந்தப் பக்கம் அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"அதான் அவனே சொல்லியிருக்கானே. போனை எடு, இன்னொரு தடவை கேப்போம்."

அவன் என்றால் அண்ணியின் தம்பி. ஒரே தம்பி. இந்தத் தீவின் ஏதோ ஒரு மூலையில், கடல் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிற நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். அந்த நிலையத்தை இப்போது மூடுகிறார்கள். இன்றைக்குச் சாயங்காலம் அவன் இருக்கிற குடாவுக்கே கப்பல் வந்து அவனை ஏற்றிக்கொண்டு இதைவிடத் தூரமான ஒரு இடத்துக்குப் போகப் போகிறது. அங்கே போனால் திரும்பி வர எத்தனை வருஷமோ.

அக்காவுக்குத் தையல்தான் தொழில். தெருவில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் தையலக்கா. தம்பி போவதற்குள் அவன் முகத்துக்கு நேராக ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தாள். சின்ன வயதில் வாயை மூடாத பையன். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்றே பேர். அப்படிப்பட்டவன் தீவுக்கு வந்த நாளிலிருந்து போனில் "ம்" என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை. சாப்பிட்டியா? ம். உடம்பு எப்படி? ம். ஊருக்கு வரமாட்டியா? ம். அப்படி அவள்மேல் என்ன கோபம்? அதைக் கேட்க வேண்டும். கேட்காமல் அவனைக் கப்பலேற விட்டால் மிச்சக் காலம் முழுக்க ஊசியில் நூல் கோர்க்கும்போதெல்லாம் அதே நினைப்பாக இருக்கும்.

வருகிறேன் என்று அவள் சொன்னதற்கு, அதிசயமாக, பேசியே ஒரு பதிவு அனுப்பியிருந்தான். அவளுடைய தையல் அறையில், வெட்டின துணிக் குவியல் நடுவே, மெஷினை நிறுத்திவிட்டு இருவரும் அதைப் பல தடவை கேட்டிருந்தார்கள். இப்போது தகரக் கூரைக்குக் கீழே மறுபடி கேட்டார்கள்.

"அக்கா... எறங்கினதும் கரையோரமாவே நட... கடல்... ன் சோத்துக்கைப் பக்கமே இருக்கட்டும்... வெள்ளைப் பாறை வரும்... அதைத் தாண்டினதும்..." அதற்கப்புறம் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரே பொரிச்சல்.

"இதுல என்ன குழப்பம்? சோத்துக்கைன்னா வலது. கடல் வலது பக்கம் இருக்கணும். ஆக இப்படி" என்று நாத்தனார் கையை நீட்டினாள்.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். குடும்பத்தில் அவளை எக்ஸ்ரே என்றே கூப்பிடுவார்கள். வேலை அது என்பதால் மட்டுமல்ல, எதிரே இருப்பவர் வயிற்றுக்குள் இருப்பதைக்கூடப் பார்த்துவிடுவாள் என்பதாலும்தான். இப்போது அண்ணியின் சந்தேகத்தையும் பார்த்துவிட்டாள்.

"எனக்கா வலது இடது சொல்லிக் குடுக்கணும்? படம் எடுக்கறப்ப வலதா இடதான்னு தெரிய பக்கத்துலயே ஈய எழுத்து வைக்கிறவ நான். மாத்தி வெச்சா டாக்டர் நல்ல காலைக் கட்டிட்டு ஒடஞ்ச காலை நடக்கச் சொல்லிடுவார்."

"இல்ல, ஏதோ நெருடுது."

"உங்களுக்கு எப்பவும் ஏதாவது நெருடும். நடங்க."

நடந்தார்கள். கடல் வலது பக்கம். பாதை கொஞ்ச தூரம் மணலாக இருந்தது, அப்புறம் கூழாங்கல்லாக மாறியது, அப்புறம் பாதையே இல்லை. பாறைமேல் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒரு முனையைத் தாண்டினால் அந்தப் பக்கம் சமதரை இருக்கும் என்று நினைத்து ஏறினால், அந்தப் பக்கம் இன்னொரு முனை பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார்" என்று மூச்சு வாங்கினாள் நாத்தனார். "தீவைச் சுத்தச் சொல்லல."

"நானா உன்னைக் கூப்பிட்டேன்? நீயா வந்தே."

"உங்களைத் தனியா விட்டா எங்கண்ணன் என்னை வீட்டுல சேர்ப்பானா? ஆமா, வெள்ளைப் பாறைன்னானே, இதுவா?"

தையலக்கா நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைதான். பறவைகள் உட்கார்ந்து உட்கார்ந்து மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கியிருந்தன. பக்கத்துப் பாறையும் வெள்ளை. அதற்கடுத்ததும்.

"எதைன்னு சொல்றது? எல்லாமே வெள்ளையாத்தான் இருக்கு."

"தாண்டினதும் என்னன்னும் சொல்லல. தாண்டினதும் திரும்பணுமா, தாண்டினதும் நிக்கணுமா, தாண்டினதும் விழணுமா?"

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரேன்."

நிலையமும் தென்படவில்லை, கம்பமும் தென்படவில்லை, மனுஷ வாடையே இல்லை. போன் எப்போதோ செத்துப் போயிருந்தது. அலை ஒன்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அது போகச் சொல்கிறதா திரும்பச் சொல்கிறதா என்றுகூடத் தையலக்காவுக்கு விளங்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்ததும் நாத்தனார் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்தேவிட்டாள். "சோறு உள்ள போகாம இனிமே ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன். என்னைத் தூக்கிட்டுப் போறதுன்னா சொல்லுங்க."

தையலக்கா அவளுக்கு வலப்பக்கமாக இடுக்கில் உட்கார்ந்தாள். பாறை இருவருக்கும் தாராளமில்லை. இரண்டு டப்பாவில் சோறும் அவித்த முட்டையும். கரண்டியை எடுத்து வைக்க மறந்திருந்தாள். பசி கண்ணை மறைத்தது. டப்பாவைத் திறந்து கடலைப் பார்த்தபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

ரெண்டு வாய் போயிருக்கும். நாத்தனார் கையிலிருந்த முட்டை எகிறி மணலில் விழுந்தது.

"ஏன் அண்ணி இடிக்கிறீங்க?"

"நானா? நீதான் இடிக்கிறே."

"நான் ஒழுங்கா வலது கையால சாப்பிடறேன். என் வலது முழங்கை இங்க. உங்க..." நாத்தனார் பாதியில் நிறுத்தினாள். அண்ணியின் கையைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். "அண்ணி. நீங்க எந்தக் கையால சாப்பிடறீங்க?"

தையலக்கா குனிந்து பார்த்தாள். சோறு ஒட்டியிருந்தது இடது கையில். திருடும்போது பிடிபட்டவள் மாதிரி கை அப்படியே நின்றது.

"துணி வெட்டறது இடது கைன்னு தெரியும்" என்றாள் நாத்தனார். "அதுக்குன்னு தனியாக் கத்தரி வெச்சிருக்கீங்க, அதைத் தொட்டா கத்துவீங்க. ஆனா சாப்பாடு? எங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து வலது கையால சாப்பிடறதைத்தானே பார்த்திருக்கேன்?"

"நாலு பேர் இருக்கறப்ப வலது."

"தனியா இருக்கறப்ப?"

"இது. கல்யாணத்துக்கு முன்னாடி எப்பவுமே இதுதான். உங்கம்மா முதல் நாளே ஒரு பார்வை பார்த்தாங்க. வாயால ஒண்ணும் சொல்லல. நானே மாத்திக்கிட்டேன்."

"எங்கம்மா ஒரு பார்வை பார்த்தா நானே கையை மாத்திக்குவேன்" என்று நாத்தனார் சிரித்தாள். "ஆனாலும் இத்தனை வருஷம் என் கண்ணுல மண்ணைத் தூவிட்டீங்களே, என் கண்ணுலயே! எக்ஸ்ரேன்னு பேரு வெச்சு என்ன பிரயோஜனம்?"

தையலக்காவை நெருடிக்கொண்டிருந்த மரச் சிலாம்பு இப்போதுதான் கையில் அகப்பட்டது.

"ஏய். எனக்குச் சோத்துக்கை எது?"

"அதான் சொன்னேனே, வலது..." என்று ஆரம்பித்த நாத்தனார் மறுபடி அண்ணியின் இடது கையைப் பார்த்தாள். "ஐயோ."

"அவனும் நானும் ஒண்ணாத் தரையில உக்காந்து சாப்பிட்டு வளர்ந்தவங்க. 'உன் சோத்துக்கை'ன்னு அவன் சொன்னா அது எது?"

"முதல்ல அவன் 'உன்'னு சொன்னானா? போன்ல 'ன்'னு மட்டும்தான் கேட்டுச்சு. அது சும்மா பொரிச்சலா இருக்கலாம். எல்லாருக்கும் சோத்துக்கை வலதுதான். வழி சொல்றவன் உங்க இலையை எட்டிப் பார்த்துட்டா சொல்லுவான்?"

"தம்பி சொல்லுவான்."

"சரி, அப்படியே வெச்சுக்குவோம். ஆனா அவன் நம்ம வீட்டு விருந்துக்கெல்லாம் வந்திருக்கானே. அங்க நீங்க வலது கையால சாப்பிட்டதையும் பார்த்திருப்பானே. இப்ப அவன் மனசுல இருக்கறது பழைய அக்காவா, எங்க அண்ணியா?"

தையலக்கா கணக்குப் போட்டாள். பழைய அக்கா என்றால் கடல் இடது பக்கம் இருக்க வேண்டும், நடந்த நடையெல்லாம் வீண். அண்ணி என்றால் வலது, இன்னும் நடந்துகொண்டே இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை.

டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மேலே சரிவில் ஆடு கத்தியது. ஆட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் குறடு வைத்து வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஏக காலத்தில் கையை ஆட்டிக் கத்தினார்கள். அவர் அவசரப்படாமல் இறங்கி வந்தார்.

"அளக்கற நிலையமா?" என்று வேலிக்காரர் தலையைச் சொறிந்தார். "எந்த நிலையம்?"

"ரெண்டு இருக்கா?"

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒருத்தன் காத்தை அளக்கறான், ஒருத்தன் தண்ணியை அளக்கறான்."

"தண்ணி, தண்ணி!" என்றாள் தையலக்கா. "தண்ணி அளக்கறவன் எந்தப் பக்கம்?"

"அதைத்தான் கேக்காதீங்க. ரெண்டு பேரும் கம்பத்தைப் பார்த்து ஏதோ எழுதறாங்க. யாரு எதுன்னு சொன்னாலும் நான் காதுல வாங்கினதில்ல. காத்தும் தண்ணியும் நம்ம கையிலயா இருக்கு, அளந்து என்ன பண்ண?"

"ஆள் எப்படி இருப்பாங்க? தாடி கீடி?"

"ரெண்டு பேருக்கும் தாடி. இங்க சவரம் பண்ணி யாருக்குக் காட்டறது?"

"இந்த வழியாப் போனா தண்ணிக்காரர்கிட்ட போய்ச் சேருவோமா, மாட்டோமா?" என்று நாத்தனார் ஆஸ்பத்திரிக் குரலில் கேட்டாள்.

"சேரலாம். தீவுதானேம்மா, எந்தப் பக்கம் போனாலும் சுத்திட்டு எல்லா இடத்துக்கும் போகலாம். என்ன, நாளைக்குப் போய்ச் சேருவீங்க."

நாத்தனார் அண்ணியைப் பார்த்து, இவரை என்ன செய்யலாம் என்று கண்ணாலேயே கேட்டாள்.

வேலிக்காரர் திரும்பப் போனவர் நின்றார். "ஒரு வித்தியாசம் இருக்கு. நீங்க போற பக்கத்துல இருக்கறவன் வாயைத் திறக்கமாட்டான். வணக்கம் சொன்னாக்கூடத் தலையைத்தான் ஆட்டுவான். அந்தப் பக்கம் இருக்கறவன் வாயை மூடமாட்டான். அவன் வர்றதைப் பார்த்தா நான் ஆட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன். உங்க தம்பி இதுல யாரு?"

தையலக்கா டப்பாவை மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இதுக்கென்ன யோசனை?" என்றாள் நாத்தனார். "பேசாதவர்தான். போன்ல 'ம்'மைத் தவிர ஒரு வார்த்தை வந்திருக்கா? நம்ம போற வழி சரிதான். எந்திரிங்க."

"சின்ன வயசுல நிறுத்தாம பேசுவான்."

"சின்ன வயசுல எனக்குக்கூடத்தான் இடுப்பு இருந்துச்சு."

"சும்மா இரு, யோசிக்க விடு."

அவன் பழைய அக்காவை நினைத்து வழி சொன்னானா என்று இவ்வளவு நேரம் குழம்பியவள், இப்போது தன் தம்பி பழைய தம்பிதானா என்று தனக்கே தெரியாமல் நின்றாள். எக்ஸ்ரே சொல்வது நியாயம். வருஷக்கணக்காக அவள் காதால் கேட்ட தம்பி, பேசாதவன்தான். ஆனால் பேசாத தம்பியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்தவன் தூக்கத்தில்கூடக் கதை சொல்லுவான். காதை நம்புவதா, கண்ணை நம்புவதா? சூரியன் யாருக்கும் காத்திராமல் சாய ஆரம்பித்திருந்தது.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

"அண்ணி! தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா கப்பல் போயிடும்."

"அவ்வளவு தூரமும் திரும்பியா? அந்த எழவெடுத்த பாறையெல்லாம் மறுபடியுமா?"

"நீ பேசாதவன்கிட்டயே போ. ரெண்டு பேரும் உக்காந்து கடலைப் பார்த்துக்கிட்டு இருங்க."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள். இப்போது கடல் இடது பக்கம். ஏறின பாறையையே இறங்கினார்கள், இறங்கின பாறையையே ஏறினார்கள். எல்லாம் தலைகீழாக இருந்ததால் புதுப் பாறைகள் மாதிரியே இருந்தன. இதைத் தாண்டினோமா இல்லையா என்று இரண்டு இடத்தில் சண்டை வந்தது. இறங்குதுறைப் பெஞ்சு மறுபடி வந்தபோது நாத்தனார் அதை ஏக்கமாகப் பார்த்தாள். தையலக்கா உட்கார விடவில்லை. முழங்கால் இரண்டும் எண்ணெய் விடாத மெஷின் மாதிரி கத்தின. மணி என்ன ஆகியிருக்கும், தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, ஒன்றும் பிடிபடவில்லை. அலை முன்னைவிடப் பக்கத்தில் வருவதுபோல் ஒரு சமயம் தோன்றும். விலகிப் போவதுபோல் இன்னொரு சமயம் தோன்றும்.

ஒரு வளைவைத் திரும்பினார்கள். அங்கே ஒரு பாறை. வெள்ளை என்றால் அதுதான் வெள்ளை. வாளி நிறைய பெயிண்டை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்து அடி முதல் நுனி வரை அடித்திருந்தான்.

"இதைத்தான் வெள்ளைன்னு சொல்லணும்" என்றாள் நாத்தனார். "தாண்டினதும் என்னன்னுதான் இன்னும் தெரியல."

தாண்டினதும் தம்பியே வந்தான். தாடி மார்பு வரைக்கும் இருந்தது. தூரத்தில் வரும்போதே கை வீசிப் பேசிக்கொண்டு வந்தான். காற்று அடித்ததில் பாதி வார்த்தைகள் கடலுக்குப் போயின.

"...காலையிலேருந்து காத்திருக்கேன், அடுப்பை மூணு தடவை பத்த வெச்சு மூணு தடவை அணைச்சாச்சு, எங்க போய்த் தொலைஞ்சே? வாங்க எக்ஸ்ரே, நீங்களும் வந்தீங்களா, நல்லதாப் போச்சு, இவளைத் தனியா விட்டா... ஏன்க்கா இப்படி நிக்கறே? கால்ல முள்ளா?"

"கப்பல்?" என்றாள் தையலக்கா.

"வெளிய நிக்குது. தண்ணி ஏறினாத்தான் குடாவுக்குள்ள வர முடியும். எப்ப ஏறும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அதுக்குத்தானே சம்பளம் குடுத்தாங்க. நேரம் இருக்கு. அதிகமில்ல, ஒரு டீ குடிக்கலாம்."

நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "அது இருக்கட்டும். ஒரு ஞாயம் சொல்லுங்க. சோத்துக்கைன்னு சொன்னீங்களே, யாரோட சோத்துக்கை? எல்லாரோடதுமா, உங்க அக்காவோடதா?"

தம்பி விழித்தான். "சோத்துக்கையா? நான் நடக்கறப்ப கடல் இந்தப் பக்கம் இருக்குமே" என்று வலது கையைத் தூக்கினான். "நிலையத்துலேருந்து எறங்குதுறைக்குப் போகும்போது. 'என் சோத்துக்கைப் பக்கம்'னுதானே சொன்னேன்."

"நாங்க எறங்குதுறையிலேருந்துல்ல நிலையத்துக்கு வர்றோம்!"

அவன் ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தான், வந்த வழியைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். "அட ஆமா" என்றான்.

"படத்தைத் திருப்பிப் பிடிச்ச டாக்டர் மாதிரி" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆக அவன் அக்காவின் கையையே நினைக்கவில்லை. பழைய அக்காவும் இல்லை, அண்ணியும் இல்லை. இல்லாத காரணத்தை நம்பி அவள் சரியான இடத்துக்கு வந்திருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தையலக்கா கேட்க வந்ததைக் கேட்டாள்.

"என்மேல என்னடா கோபம் உனக்கு?"

"கோபமா? யாருக்கு?"

"போன்ல ஒரு வார்த்தை பேசறதில்லையே. ம், ம், ம். ஏன்?"

"ஐயோ அக்கா, அந்த போனை நீ கேக்கணுமே! நான் ஒண்ணு சொன்னா கொஞ்ச நேரம் கழிச்சு அது என் காதுலயே திரும்பி வரும். சாப்பிட்டேன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தன் சாப்பிட்டேங்கறான். ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா நான் பேசறேனா அவன் பேசறானான்னு எனக்கே பைத்தியம் பிடிச்சுரும். 'ம்'னா ஒண்ணும் ஆகாது, அதான். உங்கிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த வேலிக்காரன்கிட்டதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவன் வேற அடிக்கடி காணாமப் போயிடறான்."

"இதை ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல ஆரம்பிச்சேன். திரும்பி வந்துருச்சு."

தையலக்கா வெள்ளைப் பாறையின் அடியில், திண்டு மாதிரி நீண்டிருந்த கல்லில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷக் கோபம் ஒரு போனுடைய கோளாறு. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

தம்பி பையிலிருந்து பிளாஸ்க்கையும் ஒரு டப்பாவையும் எடுத்தான். டப்பாவில் சோறு. வடித்து வெகு நேரம் ஆகி உறைந்திருந்தது. "பசிக்கும்னு எடுத்துட்டு வந்தேன். மூணு பேரும் இதுலயே சாப்பிடலாம்."

தையலக்காவின் இடது பக்கம் கல் அகலமாக, வழவழவென்று இருந்தது. வலது பக்கம் ஒரு ஆள் பாதி உடம்பைத்தான் வைக்க முடியும்.

"இங்க வாங்க, இந்தப் பக்கம் நல்லா இடம் இருக்கு" என்றாள் நாத்தனார்.

தம்பி அதைக் கவனிக்கவே இல்லை. டப்பாவைப் பிடித்துக்கொண்டு இருவரையும் சுற்றி வந்து, அக்காவின் வலது பக்கம் அந்தக் கூர்முனையில் தன்னை எப்படியோ சொருகிக்கொண்டான்.

"ஏன், இங்க என்ன முள்ளா?"

"அந்தப் பக்கம் யார் உக்காருவா? இவ இடிச்சே கொன்னுடுவா. சின்ன வயசுல என் தட்டுல பாதி தரையிலதான் கிடக்கும்."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி டப்பாவுக்குள் கையை விட்டாள். இடது கையை. யாரும் ஒரு பார்வை பார்க்கவில்லை.

"அப்போ கடைசியா, சோத்துக்கைன்னா எது?" என்று கேட்டாள் நாத்தனார்.

தம்பி அதற்குள் கதையை ஆரம்பித்திருந்தான். ஒரு புயலில் தொடங்கி ஆட்டுக்குப் போய், ஆட்டிலிருந்து பெயிண்ட் வாளிக்கு வந்திருந்தான். தண்ணீர் அவர்கள் காலடிக்கு வந்து போயிற்று. தையலக்கா ஒவ்வொரு வாய்க்கும் நடுவே சொன்னாள்:

"ம்."